ஆசிட்டும் ஃபினாயிலும் இல்லாமல் வீட்டைச் சுத்தம் செய்ய: டெல்டா வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

பள்ளியில் வேதியியல் நடத்தியவள் நான். கும்பகோணத்திலிருந்து நாகப்பட்டினம் வரை உறவினர்களும் பழைய மாணவிகளும் இருப்பதால் கேள்விகளுக்குக் குறைவில்லை. திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஒரே வரி. அது கேள்வியையும் பொறுத்தது, என் பொறுமையையும் பொறுத்தது.

எதை முதலில் நிறுத்துவது? எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தூக்கி எறிய வேண்டுமா?

வேண்டாம். மூன்றே மூன்றை மட்டும் உடனே வீட்டுக்கு வெளியே அனுப்புங்கள்: தெருவில் விற்கும் ஆசிட், பாச்சை உருண்டை, அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாத் தூள். மற்றவை தீரும்போது மாற்றிக்கொள்ளலாம்.

சைக்கிளிலும் வண்டியிலும் கொண்டுவந்து, பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றித் தருகிறார்களே, அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூடியைத் திறந்ததும் எழும் புகை மூக்கையும் நெஞ்சையும் அரிக்கும். கழிப்பறைக் கறையோடு மொசைக்கின் பளபளப்பையும், ஓடுகளுக்கு இடையிலுள்ள சிமெண்டையும், குழாயின் பூச்சையும் சேர்த்தே தின்றுவிடும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து அந்தப் பாட்டில். குடிக்கிற பானத்தின் பெயர் ஒட்டிய பாட்டிலில் குடிக்கக்கூடாத ஒன்றை ஊற்றி, குழந்தை கைக்கு எட்டும் மூலையில் வைக்கிறோம்.

பாச்சை உருண்டை பெரும்பாலும் நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதை முகர்வதும், அது வைத்த துணியைச் சுற்றிக்கொள்வதும்கூடச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடலாம். பீரோவில் மாதக்கணக்கில் உருண்டையோடு கிடந்த பழைய புடவையை எடுத்துப் பச்சைக் குழந்தையை அதில் கிடத்தும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அதனால்தான் இதை முதல் பட்டியலிலேயே சேர்த்தேன்.

உருண்டை இல்லாவிட்டால் பட்டுப்புடவையைப் பூச்சி அரிக்காதா?

பூச்சிப்புழு தேடி வருவது வியர்வையும் எண்ணெயும் படிந்த துணியை. உடுத்திய புடவையை நன்றாகக் காற்றாடவிட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வெளியே எடுத்து, மடிப்பை மாற்றி, நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்த வேப்பிலையைச் சிறு பையில் கட்டி ஓரமாக வைக்கலாம். அது உதவும், ஆனால் காவல் காப்பது உங்கள் கைதான்.

பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையும் சேர்த்துப் போட்டால் நன்றாகச் சுத்தமாகும் என்கிறார்களே?

அப்படிச் சொன்னவரை அந்தக் கழிப்பறைக்குள் போகவிடாதீர்கள். பிளீச்சிங் பவுடரில் அமிலம் பட்டால் குளோரின் வாயு வெளிவரும். முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளுக்குள் விட்டார்களே, அதே வாயு. ஜன்னல் இல்லாத, கதவு சாத்திய சிறு கழிப்பறையில் இது நடந்தால் சில நிமிடங்களில் மூச்சுத் திணறும்.

ஆசிட் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். கடையில் விற்கும் கழிப்பறைத் திரவங்களில் பலவும் ஏறக்குறைய 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலமே. எலுமிச்சைச் சாறு, வினிகர், புளித் தண்ணீர் ஆகியவற்றோடும் பிளீச்சிங் பவுடர் சேரக்கூடாது. அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தோடு சேர்ந்தால் குளோராமின் என்ற வேறு நச்சு வாயு வரும். கண் எரிய ஆரம்பித்தால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யலாம் என்று அங்கேயே நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

இயற்கையானது என்றால் நஞ்சில்லாதது என்றுதானே பொருள்?

இல்லை. இந்த ஒரு நம்பிக்கையை விட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. பூந்திக்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தோலிலுள்ள சபோனின்தான் நுரை தருகிறது. அதே சபோனின் மீனின் செவுள்களைத் தாக்கும். உலகின் பல பகுதிகளில் சபோனின் உள்ள தாவரங்களைப் போட்டு மீனை மயக்கிப் பிடிப்பது பழைய முறை. எனவே மீன் விட்டிருக்கும் குட்டையில் பூந்திக்கொட்டைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இயற்கையானதுதானே என்று நிம்மதியாக இருக்க முடியாது. மண்ணில் ஊற்றினால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும், கவலையில்லை.

கற்பூரமும் அப்படித்தான். ஒரு சிறு வில்லையைக் குழந்தை விழுங்கினாலே வலிப்பு வரலாம். யூகலிப்டஸ் தைலமும் உள்ளே போனால் ஆபத்து. மேலைநாட்டுச் செய்முறைகளில் தவறாமல் வரும் வெங்காரம் (போராக்ஸ்) கனிமம்தான், ஆனாலும் செடிகளுக்கும் ஆகாது, குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் தேவையில்லை.

சாணிப் பவுடரைப் பற்றி எச்சரிக்காமல் போக முடியாது. மேற்கு மாவட்டங்களில்தான் புழக்கம் அதிகம். வாசல் தெளிக்கச் சாணம் கிடைக்காதவர்கள் மஞ்சள், பச்சை நிறத் தூளைக் கரைத்துத் தெளிக்கிறார்கள். பெயரில் மட்டுமே சாணி உண்டு. உள்ளே இருப்பவை ஆரமின், மாலகைட் பச்சை போன்ற ஆலைச் சாயங்கள். அந்தத் தூள் எத்தனையோ உயிர்களைக் குடித்திருக்கிறது. வெறும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாலும் வாசல் வாசல்தான்.

பூந்திக்கொட்டையை எப்படிப் பயன்படுத்துவது? எல்லாத் துணிக்கும் ஆகுமா?

கொட்டையை உடைத்து, உள்ளேயிருக்கும் கறுப்பு விதையை எடுத்துவிடுங்கள். அதில் நுரை கிடையாது. பத்துப் பன்னிரண்டு தோல்களை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, கையால் பிசைந்து வடிகட்டினால் தேன் நிறத்தில் சாறு கிடைக்கும். இரண்டு நாளைக்கு மேல் வெளியே வைத்தால் புளித்துப்போகும். தேவைக்கு மட்டும் செய்யுங்கள்.

இது பட்டுக்கு ஏற்றது. பட்டு என்பது புரதம். சலவை சோடா போன்ற காரம் அதை நைந்துபோகச் செய்யும். பூந்திக்கொட்டைச் சாறு லேசான அமிலத்தன்மை உள்ளது. திருபுவனம் பட்டானாலும் கூறைப்புடவையானாலும் குளிர்ந்த நீரில் சாறு கலந்து, முறுக்கிப் பிழியாமல் அலசி, நிழலில் உலர்த்துங்கள். சாயம் போகிறதா என்று முதலில் ஓர் ஓரத்தை நனைத்துப் பாருங்கள். சரிகையில் எலுமிச்சை படவே கூடாது.

நடவு முடித்து வந்தவரின் சேற்றுத் துணிக்கும் பள்ளிச் சீருடையின் கழுத்துப்பட்டிக்கும் பூந்திக்கொட்டை போதாது. வெள்ளை வேட்டி நாளடைவில் பழுப்பேறும். அவற்றுக்குச் சலவை சோப்பையே பயன்படுத்துங்கள். அதில் குற்றவுணர்வு எதற்கு?

நாகப்பட்டினம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. எந்தச் சோப்பும் நுரைக்கவில்லை. என்ன செய்வது?

கடின நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, திரிந்த பால்போல் வெள்ளைத் துணுக்குகளாகப் படியும். நீங்கள் போடும் சோப்பில் ஒரு பங்கு இதற்கே செலவாகிவிடுகிறது. நுரைக்கவில்லை என்று மேலும் மேலும் சோப்பு போடுவது பணத்தைத் தண்ணீரில் கரைப்பதுதான். துணி ஊறவைக்கும் வாளியில் முதலில் ஒரு கரண்டி சலவை சோடாவைக் கரைத்து, சிறிது நேரம் விட்டு, பிறகு சோப்பு போடுங்கள். பூந்திக்கொட்டை கடின நீரிலும் ஓரளவு நுரைக்கும், அது அதன் பெரிய பலம். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் கடைசி அலசலுக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

குழாயிலும் ஓட்டிலும் ஏறும் வெள்ளை உப்புக் கறைக்கு அமிலம்தான் மருந்து. ஆனால் மென்மையான அமிலம் போதும். எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கடையில் தருவார்கள். சிட்ரிக் அமிலம் என்பது அதுதான். ஒரு குவளை வெந்நீரில் இரண்டு கரண்டி கரைத்து, துணியை நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் விட்டால் கறை நெகிழ்ந்து வரும். செம்பழுப்பு நிறக் கறையானால் அது இரும்பு. அதற்கும் எலுமிச்சை உப்புதான். பிளீச்சிங் பவுடர் போட்டால் இரும்புக் கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கை எதனால் துலக்குவது?

இதில் உங்கள் பாட்டியே ஆசிரியை. நான் காரணத்தை மட்டும் சொல்கிறேன்.

விளக்கில் இருப்பது இரண்டு விதமான அழுக்கு. மேலே எண்ணெய்ப் பிசுக்கும் கரியும். அடியில் காற்றுப்பட்டுக் கறுத்த உலோக ஆக்சைடு. புளி இரண்டாவதைத்தான் கரைக்கும். பிசுக்கின்மேல் நேராகப் புளியைத் தேய்த்தால் கைதான் வலிக்கும். முதலில் விளக்கைப் பாகம் பாகமாகக் கழற்றி, திரி எரியும் குழியிலும் திருகுமரைகளிலும் தங்கிய எண்ணெயைப் பழந்துணியால் ஒற்றி எடுங்கள். சீயக்காயையோ அரப்பையோ குழைத்துப் பூசி வெந்நீரில் கழுவுங்கள். பிசுக்கு முழுதும் போய்த் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவி ஓடினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஊறிய புளியில் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துத் தேய்க்கும்போது, புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கறுப்பைக் கரைத்து, உள்ளிருக்கும் மஞ்சளை வெளியே கொண்டுவரும். பிறகு செய்வதுதான் முக்கியம்: அமிலம் சொட்டுகூட மிஞ்சாமல் அலசி, உடனே துடைத்து, வெயிலில் வையுங்கள். ஈரத்தோடு விட்டால் மறுநாளே பச்சையும் கறுப்புமாகப் புள்ளி விழும். கடைசியில் உலர்ந்த விபூதியால் ஒரு தேய்ப்பு.

தஞ்சாவூர்த் தட்டில் வெள்ளியும் செம்பும் பித்தளையும் சேர்ந்திருக்கும். அதில் புளியும் சாம்பலும் வேண்டாம், மெல்லிய உலர்துணி போதும். தஞ்சாவூர் ஓவியத்தை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது.

பற்றுப் பாத்திரத்துக்குச் சாம்பல் நல்லதா?

பித்தளைக்கும் இரும்புக்கும் நல்லது. சாம்பலிலுள்ள காரம் எண்ணெயை அறுக்கும், துகள் தேய்க்கும். அரிசி ஆலைகளின் உமிச் சாம்பல் டெல்டாவில் மலைபோல் கிடைக்கும், ஆனால் அது பெரும்பாலும் சிலிகா, மணலிலுள்ள அதே பொருள். எவர்சில்வரில் கீறல் விழும்; ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல்லை ஒரே தேய்ப்பில் கெடுத்துவிடும்; தூளாகப் பறந்தால் நுரையீரலுக்கும் ஆகாது. பயன்படுத்துவதானால் சலித்து, நனைத்தே தொடுங்கள். நெகிழிப் பையையும் பெயிண்ட் அடித்த பலகையையும் சேர்த்து எரித்த அடுப்பின் சாம்பல் பாத்திரத்தில் படவே வேண்டாம்.

தினசரிக்குப் பாத்திரச் சோப்பைக் கொஞ்சமாகத் தொட்டு, தேங்காய் நாரால் தேயுங்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் மட்டையைக் காசு கொடுத்தா வாங்குகிறார்கள்? அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் சலவை சோடா போடாதீர்கள், கறுத்துவிடும். மீன் வாடைக்கு ஏன் புளியும் எலுமிச்சையும் கேட்கிறதென்றால், அந்த வாடையைத் தரும் அமீன்கள் காரத்தன்மை உள்ளவை. அமிலம் பட்டதும் அடங்கிவிடும்.

வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்தால் பொங்குகிறதே, அது அழுக்கை எடுக்காதா?

பொங்குவது கரியமில வாயு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள்.

ஃபினாயில் வாசனை இல்லாவிட்டால் வீடு துடைத்ததாகவே மாமியார் ஒப்புக்கொள்வதில்லை. என்ன செய்வது?

சுத்தத்துக்கு வாசனை கிடையாது. இதை மாமியாரிடம் சொல்லும் பொறுப்பை நான் ஏற்க மாட்டேன்.

வெள்ளை ஃபினாயிலின் மணம் பெரும்பாலும் பைன் எண்ணெய். கறுப்பு ஃபினாயில் நிலக்கரித் தாரிலிருந்து வரும் பீனால் வகை. பிந்தையது தோலை எரிக்கும், பூனைகளுக்கு நஞ்சு. கூடத்தையும் ரேழியையும் நாள்தோறும் கிருமிநீக்கம் செய்யத் தேவையே இல்லை. தண்ணீரும் சில துளி சோப்பும் தூசியையும் எண்ணெயையும் எடுத்துவிடும். அழுக்குத் தண்ணீரை அடிக்கடி மாற்றுவதும் துடைத்த துணியை வெயிலில் காயப்போடுவதும் எந்த மருந்தைக் காட்டிலும் பெரிது. சிவப்புக் காவித் தரைக்கும் மொசைக்குக்கும் வினிகர், எலுமிச்சை எதுவும் வேண்டாம். அமிலம் பட்டால் மங்கிவிடும். மணம் இருந்தே ஆக வேண்டுமென்றால் துடைத்து முடித்த பிறகு வேப்பிலை கொதித்த தண்ணீரால் ஒருமுறை துடையுங்கள். மாமியாருக்கும் சமாதானம்.

பழத்தோலில் பயோ என்சைம் செய்வது உண்மையிலேயே பயனுள்ளதா?

ஓரளவு. வழக்கமான கணக்கு ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல், பத்துப் பங்கு தண்ணீர். மூன்று மாதம் புளிக்க வேண்டும். முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், வெடித்துவிடும். நெகிழிக் குடுவையைக் கழுத்துவரை நிரப்பாமல் வையுங்கள். கடைசியில் கிடைப்பது பெரும்பாலும் நீர்த்த வினிகர்தான், கூடவே தோலின் மணம். அடுப்பு மேடைக்கும் குளியலறை ஓட்டுக்கும் போதும். சர்வரோக நிவாரணி என்று பரப்புகிறவர்களை நம்ப வேண்டாம். நோயாளி இருக்கும் அறைக்கு இது கிருமிநாசினி ஆகாது.

ஆசிட் இல்லாமல் கழிப்பறைக் கறையை எப்படி எடுப்பது?

கோப்பைக்குள் நிற்கும் தண்ணீரைத் தூரிகையால் உள்ளே தள்ளிவிட்டு, எலுமிச்சை உப்பை மூன்று கரண்டி கறையின்மேல் தூவி, இரவு முழுக்க விட்டுக் காலையில் தேயுங்கள். பல வருடக் கறையென்றால் நாலைந்து இரவுகள் ஆகலாம். ஆசிட் போல உடனே வெளுக்காது, அதற்குத் தயாராக இருங்கள். இன்னொரு நன்மையும் உண்டு: ஆசிட்டும் ஃபினாயிலும் அளவுக்கு மீறிப் போனால் செப்டிக் டேங்கில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் செத்துப்போகும், தொட்டி சீக்கிரம் நிரம்பும்.

சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டால்?

முதலில் ரப்பர் குமிழால் அழுத்தி இழுங்கள். பிறகு சலவை சோடா கரைத்த வெந்நீர். அதற்கும் அசையாவிட்டால் அடியிலுள்ள வளைகுழாயைக் கழற்றுவதுதான் வழி. பொரித்த எண்ணெயை ஊற்றாமலிருந்தால் இந்தக் கேள்வியே வராது.

வீட்டில் ஒருவருக்கு வாந்திபேதி. வேப்பிலையும் மஞ்சளும் போதுமா?

போதாது. இங்கே பிளீச்சிங் பவுடர்தான் வேண்டும். நஞ்சில்லா வீடு என்ற பிடிவாதத்தை இந்த நேரத்தில் ஓரமாக வையுங்கள். புதிய பிளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய 30 சதவீதம் குளோரின் இருக்கும். வாந்தியோ மலமோ பட்ட இடத்தை முதலில் துடைத்தெடுத்து, லிட்டருக்கு 30 கிராம் கரைத்த நீரை ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். தரைக்கும் கதவுப் பிடிக்கும் லிட்டருக்கு 3 கிராம் போதும். கையுறை அணியுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள். ஈரக்காற்று பட்ட பழைய பவுடரில் வீரியம் இருக்காது.

கஜா போன்ற புயலும் வெள்ளமும் வந்துபோன பிறகு கிணற்றுக்கும் இதுதான். கணக்கு இது: கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும் 785ஆலும் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் 28,260 லிட்டர். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் சுமார் 70 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். ஒரு மணி நேரமாவது விட வேண்டும். கலங்கிய தண்ணீருக்கு இந்த அளவு போதாது. முதலில் இறைத்து, ஊறி வரும் தெளிநீரில் செய்யுங்கள்.

கொல்லை வாழைக்குச் சோப்புத் தண்ணீர் விடலாமா?

விடலாம், இடத்தை மாற்றி மாற்றி. சலவை சோடாவிலும் சலவைத் தூளிலும் சோடியம் அதிகம். நம் களிமண்ணில் சோடியம் சேர்ந்தால் துகள்கள் பிரிந்து, நீர் இறங்கும் துளைகள் அடைபட்டு, காய்ந்ததும் மண் பாறையாகும். வேதாரண்யம், தலைஞாயிறு போன்ற கடைமடைப் பகுதிகளில் மண்ணே உப்பு. அங்கே இன்னும் கவனம் தேவை. மாட்டுக்கு வைக்கும் கழுநீரில் சோப்புப் பாத்திரம் அலசிய தண்ணீர் சேரக்கூடாது.

வாய்க்காலில் விடுவது வேறு கதை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரைதான் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் வாய்க்காலில் ஓடுவது, இல்லை தேங்குவது, நம் வீட்டுச் சாக்கடைதான். அதிலுள்ள பாஸ்பேட்டையும் மற்றச் சத்துகளையும் தின்றுதான் ஆகாயத்தாமரை அப்படிக் கொழுக்கிறது.

கடையில் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பச்சை இலைப் படத்தைப் பார்க்காதீர்கள். இலை வரைய யாருடைய அனுமதியும் தேவையில்லை. எச்சரிக்கை வாசகங்களைப் படியுங்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அச்சிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருட்களை அடையாளம் காட்ட 1991இல் இந்திய அரசு கொண்டுவந்த ஈகோமார்க் திட்டத்துக்கு மண்பானைதான் சின்னமாக இருந்தது; 2024இல் அதற்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. ஈகோமார்க் முத்திரை கண்ணில் பட்டால் வாங்கலாம், அரிதாகத்தான் படும்.

வீட்டு வேலைக்கு வருகிற அக்கா புதிய பொருட்களை ஏற்க மறுக்கிறார்.

அவரிடம் கேட்டுவிட்டு மாற்றினீர்களா? ஆசிட்டில் அரை மணியில் முடிந்த வேலை எலுமிச்சை உப்பில் இரண்டு நாள் என்றால், அந்தக் கூடுதல் தேய்ப்பு அவர் தோளில்தான் விழுகிறது. நேரத்தைக் கூட்டினால் கூலியையும் கூட்டுங்கள். கைவிரல் இடுக்கில் வெடிப்பும் நகக்கண்ணில் புண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மாற்றத்தால் முதலில் பயன்பெறப்போவது அந்தக் கைகள். அவர் அளவுக்கேற்ற கையுறை வாங்கிக் கொடுங்கள். இதையெல்லாம் செய்த வீடுகளில் மறுப்பு வந்து நான் பார்த்ததில்லை.

குழந்தை ஆசிட்டையோ காஸ்டிக் சோடாவையோ விழுங்கிவிட்டால்?

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், முட்டை எதுவும் வேண்டாம். இறங்கும்போது சுட்ட திரவம் ஏறும்போதும் சுடும். வாயைத் தண்ணீரால் கழுவித் துடைத்து, 108ஐ அழைத்து, அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தோலிலோ கண்ணிலோ பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் விடாமல் கழுவுங்கள்.

வீட்டில் மீதமிருக்கும் ஆசிட்டை எங்கே கொட்டுவது?

வாய்க்காலிலும் கொல்லையிலும் கூடாது. பாட்டிலோடு குப்பையில் போட்டால் குப்பை அள்ளுகிறவரின் கையில் உடையும். ஒரு வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, அதில் ஆசிட்டைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள்; ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக்கூடாது. கழிப்பறையில் பிளீச்சிங் பவுடர் போட்ட தடயம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, நாளுக்கு ஒரு கிளாஸ் ஆசிட் என்ற கணக்கில் இப்படி நீர்த்து விட்டுத் தீர்த்துவிடுங்கள். காலிப் பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசி, ஆணியால் ஓட்டை போட்டுவிட்டுக் குப்பைக்குக் கொடுங்கள், யாரும் எடுத்துத் தண்ணீர் பிடிக்காதபடி.